இருபத்தேழு

ஆறு ஐம்பதுக்கு முதல் படியில் கால்.
நாற்பத்தெட்டு மீட்டர் ஏணி.
ஐந்தாம் தட்டில் நின்று ஒரு மூச்சு.
மேலே கதவைத் திறந்தால்
நேற்றைய கோப்பி வாசம்.

ஓல்ட்டன் நகரம் இன்றைக்கு இல்லை.
ஆரெ ஆற்றிலிருந்து எழும்பிய பனிப்புகார்
ரயில் நிலையத்தை, மரப்பாலத்தை,
எங்கள் மூன்றாம் மாடிக் குசினியை
ஒரே துணியால் மூடிவிட்டது.
வெயில் எனக்கு மட்டும்.
என்னுடைய கொக்கி எங்கே தொங்குகிறதென்று
எனக்கே தெரியவில்லை.

வோக்கிடோக்கியில் மேஸ்திரி ரேட்டோ:
"பொறு. என் சப்பாத்தே எனக்குத் தெரியேல்லை."
எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.
"பனியைக் கேள்."

பதினொரு வருடத்தில்
ஒருவரும் எனக்கு இப்படி ஒரு நேரம் தந்ததில்லை.
என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தேன்.
துடைத்ததையே திரும்பத் துடைத்தேன்.
கண்ணை மூடினால்
உடுப்புத் தோய்க்கும் அறையின் அட்டவணை வந்து நிற்கிறது:
எங்கள் முறை புதன், இரண்டு கிழமைக்கு ஒருக்கால்,
தவறவிட்டால் கீழ்வீட்டுக்காரி கடிதம் எழுதுவாள்.

பைக்குள் புட்டுப் பெட்டியோடு
ஆரூரனின் கணக்குக் கொப்பி.
காலையில் கையெழுத்துக் கேட்டான்.
"பிறகு" என்றவள்
அதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

பாடம்: வீட்டில் ஒருவரின் ஒரு நாள்.
என்னை எடுத்திருக்கிறான்.

நித்திரை ஆறு.
கிரேன் பத்து.
சமையல் இரண்டு. உடுப்பு இரண்டு.
பெரியம்மாவோடு போன் இரண்டு.
என்னைப் பேசுறது ஒன்று.
எங்களோடு நாலு.
ஓய்வு என்ற பெட்டியில் ஒரு கேள்விக்குறி,
பக்கத்தில் பென்சிலால்
அம்மாவைக் கேட்கவேணும்.

ஆசிரியை சிவப்பில் எழுதியிருந்தாள்:
இருபத்தேழு வருகிறது.
ஒரு நாளுக்கு இருபத்துநாலுதான். திரும்பக் கூட்டு.

கூட்டினேன். விரல் விட்டு மூன்று தரம்.
பிள்ளை சரியாகத்தான் கூட்டியிருக்கிறான்.
தோளில் போனை இடுக்கிக்கொண்டு வெங்காயம் அரிகிற,
அவனைப் பேசிப்பேசியே காலுறைக்குச் சோடி தேடுகிற
ஒருத்தியை அவன் பார்த்தபடி எழுதியிருக்கிறான்.

தகப்பனை எடுத்திருந்தால் லேசு.
கஜவதனன் ஹார்க்கிங்கனில் இரவெல்லாம் பார்சல் பிரிக்கிறார்.
நான் சப்பாத்துப் போடும்போது அவர் கழற்றுவார்.
மாடிப்படியில் சந்திப்போம்,
பாண் முடிஞ்சுது, சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டிட்டுது,
என்று இரண்டு வசனம்.
போன மாதம் ஒரு நாள் மூன்றாவது வசனம் சொன்னார்.
நான் ரெண்டு படி இறங்கிவிட்டேன், கேட்கவில்லை.
இன்னும் கேட்கவில்லை.

ஞாயிறில் வெற்றுப் போத்தலைக்கூடத்
தொட்டியில் போடக் கூடாத நாடு இது. சத்தம்.
எங்களுக்கோ ஞாயிறு என்றால் ஒரு மண்டபம்,
யாரோ ஒரு பிள்ளையின் சாமத்தியவீடு,
என்வலப்புக்குள் நூறு பிராங்க்,
சேலைப் பின் குத்திய இடத்தில் திங்கள் வரைக்கும் நோவு.

"தெரியுது," என்றான் ரேட்டோ. "இறக்கு."
நாற்பது நிமிடம். ஒரு கண் நித்திரையும் இல்லை.
முதல் வாளி கொங்கிரீட் வெள்ளைக்குள்ளிருந்து
மெல்ல மேலே வந்தது.

பின்னேரம் இறங்குமுன் கடைசி வேலை
சுழலும் கையின் பிரேக்கை விடுவது.
இரவு முழுக்கக் காற்று எந்தப் பக்கமோ
அந்தப் பக்கம் அது திரும்பும்.
இறுக்கிப் பிடித்து வைத்தால்
பெருங்காற்றில் முறிந்து விழும்.
படிப்பித்தார்கள், பரீட்சையிலும் கேட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு
ஆரூரன் ஜன்னலில் நின்று கத்தினான்:
"அம்மா! ஆரோ உங்கட கிரேனை ஓட்டுகினம்!"
சிவப்பு விளக்கோடு அது
தன்பாட்டில் யூரா மலைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.
ஒருவரும் இல்லை, அப்படித்தான் விடுறது, என்றேன்.
"விடிய மட்டுமோ?"
விடிய மட்டும்.

கீழே உடுப்பு மெஷின் நின்றிருக்கும். இன்றைக்குப் புதன்.
நான் போகவில்லை.
அவன் என் மடியில் சாய, நான் ஜன்னலில் சாய,
அது பாதி வட்டம் போய்ப் பாதி வட்டம் வந்தது.

பிறகு கொப்பியை எடுத்து
கேள்விக்குறியை அழிறப்பரால் தேய்த்துவிட்டு
கால் மணி என்று எழுதினான்.
கையெழுத்து வைத்தேன்.
கணக்கு இன்னும் பிழைத்தது.